இல்லாத வீட்டுக்கு ஒரு தீர்ப்பு

யாழ்ப்பாணத்தில் ஒருவர் மதராஸுக்குப் புறப்படுகிறார் என்றால் ஊர் இரண்டு கேள்விதான் கேட்கும்: கோயிலுக்கா, கூறைச்சேலைக்கா? நாங்கள் இரண்டுக்கும் போகவில்லை. என் மனைவி கேள்வி கேட்பதற்குப் போனாள். நான் அவளுடைய பெட்டியைத் தூக்குவதற்குப் போனேன்.

சிவகாமிக்குத் தொழில் தத்துவம். இதைச் சொன்னதும் ஆத்மா, பரமாத்மா என்று நினைத்துக் கைகூப்புகிறவர்கள் உண்டு. அவளுடைய தத்துவம் அவ்வளவு உயரம் போகாது. வீட்டுக்குள்ளேயே சுற்றி வரும். பெற்றவர்கள் பிள்ளைக்காக எதைத் தீர்மானிக்கலாம்? வாத்தியாருக்குப் பிள்ளையின் மேல் என்ன உரிமை? வீட்டில் ஒருவருக்கொருவர் பொய் சொல்லலாமா? பெண்கள் பள்ளிக்கூடமொன்றில் ஆசிரியையாக இருந்த காலத்தில் அவளைப் பிடித்துக்கொண்ட கேள்விகள் இவை. சீமைக்குப் போய்ப் பட்டம் வாங்கி வந்து, கொழும்பில் விரிவுரையாளராகி, தலை நரைக்கத் தொடங்கிய பிறகும் அவை அவளை விடவில்லை. இரண்டு புத்தகம் எழுதிவிட்டாள். முதலாவதில் முன்னுரையின் கடைசி வரியில் எனக்கு நன்றி சொல்லியிருக்கிறாள். நான் அதுவரை படித்திருக்கிறேன்.

அவள் பொய் சொல்ல மாட்டாள். இதைப் புகழ்ச்சியாகச் சொல்லவில்லை, முறைப்பாடாகச் சொல்கிறேன். கலியாண வீட்டில் "பாயாசம் எப்பிடி?" என்று ஆசையாகக் கேட்ட மாப்பிள்ளையின் தகப்பனாரிடம் "அடிப்பிடிச்சுப் போச்சு" என்றவள். குடும்பம் பொய்யின் மேல் நிற்கக் கூடாது என்பதே இரண்டாவது புத்தகத்தின் சாரம் என்று அதைப் படித்தவர்கள் சொன்னார்கள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. "பெறாதவள் பிள்ளை வளர்ப்பைப் பற்றி எழுதுகிறாள்" என்று முதுகுக்குப் பின்னால் சிலர் சொல்வது அவள் காதிலும் விழுந்திருக்கிறது. அதற்கு அவள் ஒருநாளும் பதில் சொன்னதில்லை.

ஒரு கூட்டத்தில் யாரோ எழுந்து, "அம்மா, நீங்கள் நாற்காலி உள்ள வீடுகளில் மட்டும் விசாரித்து எழுதுகிறீர்கள்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மூன்றாவது புத்தகத்துக்காக நாற்காலி இல்லாத வீடுகளைத் தேடுகிறாள். மதராஸில் ஒரு கல்லூரி அவளைப் பேச அழைத்தபோது, பேச்சுக்கு ஒரு மாலை, மிச்ச நாளெல்லாம் மீன்பிடிக் குப்பத்துக்கு என்று முடிவு செய்துவிட்டாள்.

தங்கியது ராயபுரம் கல்மண்டபத்தில், காதர் பாய் வீட்டு மாடியில். குப்பங்களில் கருவாடு வாங்கிக் கொழும்புக்கு அனுப்புகிற வியாபாரி அவர். எனக்குக் கொழும்புப் புறக்கோட்டைக் கடைவீதியில் பழக்கமானவர். அவர் வீட்டுக்குப் போகும் வழியில் துறைமுகச் சுவரோரம் எங்கள் ட்ராமின் கம்பம் மின்கம்பியிலிருந்து கழன்றுவிட்டது. கண்டக்டர் இறங்கிக் கயிற்றை இழுத்து அதை மாட்டப் பார்த்தார். கொழும்பிலும் ட்ராம் உண்டு, கம்பமும் கழலும். ஆனால் அங்கே பயணிகள் வாயை மூடிக்கொண்டு இருப்பார்கள். இங்கே வண்டியில் இருந்த அத்தனை பேரும் கண்டக்டருக்கு யோசனை சொன்னார்கள். ஒருவர் இறங்கிப்போய்க் கயிற்றையே பிடுங்கிக்கொண்டார்.

பாய் வீட்டில் சிவகாமிக்கென்று புதுச்சட்டி வாங்கி, கத்தரிக்காயும் பருப்பும் தனியாகச் சமைத்திருந்தார்கள். அவள் சைவம். நான் சைவமில்லை. அன்று எனக்குக் கிடைத்த வஞ்சிரத் துண்டைப் பற்றி எழுதினால் இந்தக் கட்டுரை அதோடு நின்றுவிடும். தேநீரைப் பற்றி மட்டும் சொல்லவேண்டும். எங்கள் நாட்டுத் தேயிலையை வாங்கி, அது உயிரை விடும்வரை கொதிக்க வைத்து, "சிலோன் டீ" என்று எங்களுக்கே தந்தார்கள்.

மறுநாள் காலை பாயுடன் குப்பத்துக்குப் புறப்பட்டோம். அது திருவொற்றியூருக்குக் கொஞ்சம் தெற்கே, கடலோரம். ரிக்‌ஷாக்கள் புறப்பட்டுச் சிறிது தூரத்திலேயே ரயில்வே கேட்டு மூடிவிட்டது. துறைமுகத்துச் சரக்கு வண்டி ஒன்று முன்னால் போனது, பின்னால் வந்தது, மறுபடி முன்னால் போனது. பக்கத்தில் நின்ற இரண்டு கரிமூட்டைக்காரர்கள் தெலுங்கில் சண்டை போட்டார்கள். பாய் எனக்கு மொழிபெயர்த்தார்: "ஒருத்தன் சொல்றான், உன் மாமியா வந்ததுலேந்து நீ தூங்கி வழியறே. மத்தவன் சொல்றான், என் மாமியாளப் பத்தி நான் பேசலாம், நீ பேசப்படாது."

சிவகாமி இந்த நேரத்தை வீணாக்கவில்லை. ரிக்‌ஷாக்காரரிடம், "ஒரு தகப்பன் குடிக்கிறார் எண்டு வையுங்கோ. பிள்ளை கேட்டால் தாய் உண்மையைச் சொல்லவேணுமோ?" என்று ஆரம்பித்தாள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எந்தப் பேட்டைல கீறான் அந்தாளு?" என்றார். அப்படி ஒரு ஆள் இல்லை, சும்மா ஒரு உதாரணம் என்று அவள் சொன்னதும் அவருக்கு அவள் மேல் இருந்த மரியாதை குறைந்தது போலத் தெரிந்தது. நான் சிரித்தேன். பிறகு நடக்கப்போவது தெரிந்திருந்தால் சிரித்திருக்க மாட்டேன்.

குப்பத்தில் பெண்கள் மணலில் நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். தேசம்மா என்ற மீன்கூடைக்காரி, கடல் இரைச்சலையும் மீறும் குரல்காரி, சிவகாமியை வரவேற்றாள். "குந்துமா. எத்தினி புள்ளைங்க ஒனக்கு?" அதுதான் முதல் கேள்வி.

"இல்லை."

"ஒண்ணு கூடவா?"

"ஒண்டும் இல்லை."

பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் நாக்கால் உச்சுக்கொட்டினார்கள். ஒருத்தி சாக்கை உதறி அவள் உட்காரப் போட்டாள். நான் கொஞ்சம் தள்ளி வலை பின்னிக்கொண்டிருந்த ஆண்கள் பக்கம் நழுவினேன். அங்கே எனக்குக் கிடைத்த முதல் கேள்வி, "உங்க சிலோன்ல சுறா கெடைக்குமா?" என்பது. பிள்ளை குட்டியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

சிவகாமி ஆண்களுக்கும் கேட்கும்படி குரலை உயர்த்தித் தன்னுடைய பழைய உதாரணம் ஒன்றை எடுத்தாள். கொழும்பிலும் கண்டியிலும் அவள் எத்தனையோ முறை கேட்டது. அதில் வரும் தாய் அங்கே மகளைத் தையல் வகுப்புக்கென்று சொல்லிக் கூட்டிப்போவாள். இடத்துக்குத் தக்கபடி தையலை மாற்றினது சிவகாமியின் கெட்டித்தனம்.

"ஒரு வீட்டிலை தகப்பன் மகளின்ரை படிப்பை நிப்பாட்டிப் போட்டார். தாய், மீன்கூடை தூக்கக் கூட்டிக்கொண்டு போறன் எண்டு அவருக்குச் சொல்லிப்போட்டு, ஒவ்வொருநாளும் மகளைப் பள்ளிக்கூடத்திலை விடுறா. தகப்பனுக்குத் தெரியாது. தாய் செய்தது சரியோ, பிழையோ?"

கொழும்பில் இதைக் கேட்டால் ஒரு மணித்தியாலம் வாதாடுவார்கள். இங்கே பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மீன் அரிந்துகொண்டிருந்த ஒருத்தியின் கை நின்றது. வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர்தான் பதில் சொன்னார். நாகூரான் என்று பேர். ஊர்ப் பஞ்சாயத்தில் தலைவருக்குப் பக்கத்தில் உட்காருகிறவர் என்று பாய் எனக்குச் சொல்லியிருந்தார்.

"யார் வூட்லமா?"

"ஒருத்தற்றை வீட்டிலையும் இல்லை. யோசிச்சுப் பாருங்கோ எண்டு சொல்லுறன்."

"நடக்காதத எதுக்குமா யோசிக்கணும்? நடந்துகீது. எவளோ ஒன்னாண்ட சொல்லிகீறா. எந்த வூடு?"

சிவகாமி திரும்பத் திரும்ப விளக்கினாள். விளக்க விளக்க அவர்களுடைய சந்தேகம் வளர்ந்ததே தவிரக் குறையவில்லை. பாய் என்னை ஓரமாக இழுத்து, "அம்மா பேஜாரு பண்ணிட்டாங்க" என்றார். கடலுக்குப் போகிறவர்கள் நடக்காத கெடுதலை வாயால் சொல்ல மாட்டார்களாம். 'ஒருவேளை காத்து அடிச்சா' என்று கூடக் கரையில் பேசுவதில்லை, சொன்னால் வந்துவிடும். ஆகவே ஒருவர் வாயில் ஒரு கெடுதல் வந்தால், அது எங்கோ நடந்து முடிந்தது என்றுதான் அர்த்தம். எங்கள் விரிவுரையாளர் உதாரணம் என்று சொன்னது அவர்கள் காதில் குற்றச்சாட்டாக விழுந்திருக்கிறது.

நாகூரான் வலையைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார். "வெளியூர் மனுசிக்குத் தெரியுது, நமக்குத் தெர்ல. கட்டினவனையே ஏமாத்துற வூடு எதுன்னு தெரியணும். நாளிக்குக் கூட்டம். அது முடியற வரிக்கும் மரம் எறங்காது" என்றார். கட்டுமரத்தைத்தான் அவர்கள் மரம் என்கிறார்கள். பஞ்சாயத்துக் கூடினால் வழக்கு முடியும்வரை ஒருவரும் கடலுக்குப் போவதில்லை என்பது அந்தக் கரையின் கட்டுப்பாடு. கடலுக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது என்பதைப் பாய் எனக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை.

அன்று மாலை நாங்கள் மாடியில் உட்கார்ந்திருந்தபோது தேசம்மா வந்தாள். கூடை இல்லை, குரலும் இல்லை.

"யாருமா ஒன்னாண்ட சொன்னது? எதிர்வூட்டுக்காரியா?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. சத்தியமாய்."

"அப்ப ஒனக்கு எப்படித் தெரியும்? அது என் வூடும்மா. சத்தம் போட்டான் பாரு நாகூரான், அவன்தான் எம் புருசன்."

சிவகாமியின் முகம் போன போக்கை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

தேசம்மாவின் மகள் அஞ்சலையை ஐந்தாம் வகுப்போடு தகப்பன் நிறுத்திவிட்டார். தாய் மூன்று வருஷமாக மகளை மார்க்கெட்டுக்கு என்று அழைத்துப் போய், ராயபுரத்தில் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு மீன் விற்கப் போயிருக்கிறாள். பெண் எட்டாவது தேறிவிட்டாள். இப்போது ஆசிரியைப் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்திருக்கிறது; ஆஸ்டலிலேயே தங்கிப் படிக்கவேண்டும். அம்மனுக்கு ஆடிக்கூழ் ஊற்றி முடிந்ததும் புருஷனிடம் நல்லபடியாகச் சொல்லலாம் என்று தாய் காத்திருந்தாள். குப்பத்துப் பெண்கள் எல்லோருக்கும் இது தெரியும்.

"ஆம்பளை ஒருத்தருக்கும் தெரியாதோ?" என்று நான் கேட்டேன்.

"கடல்ல இன்னா கீதுன்னு தெரியும். வூட்ல இன்னா கீதுன்னு அவனுங்களுக்கு எப்டி நைனா தெரியும்?" என்றாள் தேசம்மா. பிறகு சிவகாமியின் பக்கம் திரும்பினாள். "அவன் கெட்டவன் இல்லமா. படிச்சவளுக்கு நம்ப மீன் நாத்தம் ஆவாது, நம்பளை வுட்டுப் பூடுவான்னு பயந்துகினு கீறான். நாலு பேர் எதிர்ல மானம் போச்சுன்னா அப்பால அவன் எறங்கி வரமாட்டான். எம் பொண்ணு படிப்பு அதோட முடிஞ்சுது. நாளிக்கு நீ இன்னா சொல்லப் போற?"

வீட்டு நியாயத்தை ஒரு வாழ்க்கை முழுக்கப் படித்தவள், ஒரு வீட்டுக்காரி முன்னால் சேலைத் தலைப்பை முடிவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

தேசம்மா போன பிறகு, "அப்பிடி ஒரு வீடு இல்லை எண்டு திரும்பவும் சொல்லும். முடிஞ்சுது" என்றேன்.

"காலமை சொன்னது உண்மை. இனிச் சொன்னால் பொய்."

"அப்ப பேசாமல் இரும்."

"பேசாமல் இருந்தால் அவை கடலுக்குப் போக மாட்டினம். வீடு வீடாய் விசாரிப்பினம். எப்பிடியும் கண்டுபிடிப்பினம்."

"ஒரே ஒருக்காப் பொய் சொன்னால் என்ன, வானம் இடிஞ்சு விழுமோ?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் எங்கள் கலியாண நாள் முதல் நான் சொன்ன அத்தனை பொய்களும் நினைவுக்கு வந்தன. பாய் வீட்டில் எனக்கு மட்டும் இறால் வந்தது. நான்கூட அதைச் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் கரையில் மரங்கள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. ஒரு வீட்டிலும் புகை இல்லை. கங்கையம்மன் கோயில் முன்னால் மணலில் ஆண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் வலைக்குவியலுக்குப் பின்னால் நின்றார்கள். நடுவில் நாட்டார். ஊர்த் தலைவரை அவர்கள் அப்படித்தான் அழைக்கிறார்கள். ஒல்லியான மனிதர், குரலை உயர்த்தாமல் பேசுகிறவர். அவருக்கு வலப்பக்கம் நாகூரான்.

"அம்மா, நீங்க படிச்சவங்க. பொய் சொல்லமாட்டீங்கன்னு பாய் சொல்றாரு. எந்த வூடு? சொல்லிட்டீங்கன்னா நாங்க தொழிலுக்குப் போவோம்" என்றார் நாட்டார்.

சிவகாமி எழுந்து நின்றாள். அவள் கண் ஒருமுறை வலைக்குவியல் பக்கம் போய்த் திரும்பியது. வலைக்குப் பின்னால் தேசம்மா முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு நிற்பது எனக்குத் தெரிந்தது. என் மனைவி இன்னும் கொஞ்ச நேரம் இப்படி நின்றால் அவள் கண் போகும் திசையை வைத்தே வீட்டைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயந்தேன். அதற்குமேல் நான் யோசிக்கவில்லை. எழுந்துவிட்டேன்.

"அது எங்கடை வீடு" என்றேன்.

கூட்டம் என் பக்கம் திரும்பியது.

"நான்தான் அந்தத் தகப்பன். மகளின்ரை படிப்பை நிப்பாட்டினது நான். இவ எனக்குத் தெரியாமல் மகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிப்போட்டா. அதைத்தான் பேர் சொல்லாமல் உங்களிட்டை நியாயம் கேட்டவ."

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு விஷயம் உறைத்தது. எங்களுக்குப் பிள்ளை இல்லை என்பது அங்கே நிற்கிற ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரியும். நான் வலைப் பக்கம் பார்த்தேன். ஒருத்தியும் அசையவில்லை. நேற்றுச் சாக்குப் போட்டுக் கொடுத்தவள் மெதுவாக, "ஆமா, நேத்து எங்களாண்ட சொல்லி அழுதாங்க" என்றாள். பக்கத்தில் இருந்தவள், "பாவம், நல்ல பொண்ணு போல கீது" என்றாள். சிவகாமி அவர்களைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"பொண்ணு பேரு இன்னா?" என்று கேட்டார் நாட்டார்.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. உலகத்தில் உள்ள பெண்பிள்ளைகளின் பேர்கள் எல்லாம் என் தலையை விட்டு ஓடிவிட்டன.

"மங்கையர்க்கரசி" என்று ஒரு குரல் கேட்டது. என் மனைவியின் குரல். "மங்கை எண்டு கூப்பிடுறது. வாற ஆவணிக்குப் பதினஞ்சு. கணக்கிலை கெட்டிக்காரி. இவரைப் போலை, கொஞ்சம் வாய்க்காரி."

தடுமாற்றமே இல்லாமல் சொன்னாள். பாய் என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன்.

நாகூரான் என்னை விசாரித்தார். "ஏன் சாமி நிறுத்துன? நீ படிச்சவனாச்சே."

தேசம்மா சொன்னது மட்டும்தான் எனக்கு அப்போது வாயில் வந்தது. "படிச்சால் எங்களை மதிக்க மாட்டாள், விட்டிட்டுப் போயிடுவாள் எண்டு பயம்."

நாகூரான் மணலைக் கொஞ்சம் அள்ளிக் கீழே விட்டார். "நாங்க தெனம் கடலுக்குப் போறோம். திரும்பி வர்லன்னா இன்னா பண்றதுன்னு பயந்துகினா ஒக்காந்துகீறோம்? பெத்த பொண்ணுக்கிட்டப் போயி பயப்படலாமா? அதை ஒரு வார்த்தை கேட்டியா, இன்னா வோணும்னு?"

"கேக்கேல்லை."

"கேக்கணும்ல?" என்றார். அதட்டலாகச் சொல்லவில்லை. எனக்கு உண்மையாகவே வெட்கமாக இருந்தது.

நாட்டார் இரு பக்கமும் தலையசைத்துக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். "மறைச்சது தப்பு. அதுக்குத் தாயி கங்கையம்மாவுக்கு வெளக்கு ஏத்தட்டும். நிறுத்துனது அத்தவிட பெரிய தப்பு. அதுக்கு அப்பன் தேங்கா ஒடைக்கட்டும். பொண்ணு படிக்கட்டும். இதுதான் இந்த ஊர் நியாயம். எல்லாருக்கும் சம்மதமா?"

"சம்மதம்" என்று எல்லோரும் சொன்னார்கள். நாகூரானின் குரல்தான் உரக்கக் கேட்டது.

என் கையில் ஒரு தேங்காயைக் கொடுத்தார்கள். நான் எறிந்தது கல்லில் படாமல் மணலில் போய்ப் புதைந்தது. சிறியவர் பெரியவர் எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாம் முறை உடைந்தது. சிவகாமி கோயில் படியில் விளக்கை ஏற்றினாள். ஆண்கள் துண்டை உதறிக்கொண்டு எழத் தொடங்கினார்கள்.

"நாட்டாரே, இன்னோரு தேங்கா வோணும்" என்று வலைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. தேசம்மா முன்னால் வந்து நின்றாள். அவளுடைய பழைய குரல் திரும்பியிருந்தது.

"யாருக்கு?"

"எம் புருசனுக்கு. இன்னோரு வெளக்கும் எனக்கு."

எழுந்தவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். நாகூரானுக்கு விளங்க ஒரு நிமிஷம் பிடித்தது. அவர் மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு வலைக்குப் பின்னால் நின்ற பெண்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தார். எல்லோரும் தங்கள் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"எத்தினி வருசமா?"

"மூணு வருசமா. எட்டாவது பாஸாயிட்டா. டீச்சர் படிப்புக்குக் கூப்ட்டுகீறாங்க."

நாட்டார் கோயிலுக்குள்ளிருந்து ஒரு தேங்காயைத் தானே எடுத்து வந்து நீட்டினார். நாகூரான் வாங்கினார். உடைக்கவில்லை. துண்டில் முடிந்து தோளில் போட்டுக்கொண்டு, யாரிடமும் பேசாமல் தன் மரத்தை நோக்கி நடந்தார். வழக்கு முடிந்துவிட்டது, மரங்கள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் இறங்கின. அவர் மரம்தான் முதலில் போனது. அவர் ஆம் என்றாரா இல்லை என்றாரா என்று கரையில் ஒருவருக்கும் தெரியவில்லை. தேசம்மா விளக்கை ஏற்றிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

திருவொற்றியூர் ரயில்நிலையத்தில் வண்டிக்காகக் காத்திருந்தபோது சிவகாமியிடம் கேட்டேன். "மங்கையர்க்கரசி எண்ட பேர் எங்கையிருந்து வந்தது?"

"எப்பவோ வச்சது" என்றாள்.

நான் மேலே கேட்கவில்லை. ஒரே வீட்டில் இத்தனை வருஷம் இருந்திருக்கிறேன். பேரும் வயதும் கணக்கில் கெட்டித்தனமும் வாயும் உள்ள ஒரு பெண் எனக்குத் தெரியாமல் அங்கே வளர்ந்திருக்கிறாள். வண்டி வரும்வரை தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் மாலை கல்லூரியில் அவளுடைய பேச்சு. நல்ல கூட்டம், மின்விசிறி, நாற்காலிகள். இறுதியில் ஒரு மாணவி எழுந்து, குடும்பத்தில் பொய் எப்போதாவது நியாயமாகுமா என்று கேட்டாள். இரண்டாவது புத்தகத்தில் இதற்கு ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது. சிவகாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "போன வாரம் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். இப்போது எனக்குத் தெரியவில்லை" என்றாள். தலைமை தாங்கியவர் இதைப் பணிவு என்று பாராட்டினார்.

நாங்கள் புறப்படும் நாள் காலை கீழே யாரோ வந்திருப்பதாகப் பாய் கூப்பிட்டார். வாசலில் நாகூரான், தலையில் ஒரு தகரப்பெட்டி. பக்கத்தில் தேசம்மா. அவளுக்குப் பக்கத்தில், எண்ணெய் வைத்துப் படியச் சீவி இரட்டைச் சடை போட்ட அஞ்சலை. நான் அந்தப் பெண்ணை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன். தாயின் கண், தகப்பனின் நெற்றி.

"ஆஸ்டலாண்ட வுடப் போறேன்" என்றார் நாகூரான். "தேங்காய அலைவாயில ஒடைச்சுட்டேன். இதைக் கேட்டேன், இன்னா வோணும்னு. போவணும்னு சொல்லிச்சு." பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, இடுப்பிலிருந்து காகிதத்தில் சுற்றிய ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். நீலத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட துணி. "பாவாடைக்கு. எம் பொண்ணுக்கு ஒண்ணு எடுத்தேன், ஒம் பொண்ணுக்கு ஒண்ணு. ஒரே பீஸ்ல கிழிச்சது. மங்கையாண்ட குடு. படிக்கச் சொல்லு."

அவருக்கு விஷயம் தெரிந்து கொடுத்தாரா, தெரியாமல் கொடுத்தாரா? இன்றுவரை எனக்குத் தெரியாது. மூன்று வருஷம் ஊர்ப் பெண்கள் வாய் திறக்காத விஷயத்தை ஒரே நாளில் விளங்கிக்கொண்ட மனிதர், இதையும் விளங்கிக்கொண்டிருக்கலாம். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"உங்க பொண்ணு எந்த வகுப்பு படிக்கிறாங்க?" என்று அஞ்சலை சிவகாமியிடம் பள்ளிக்கூடத் தமிழில் கேட்டாள். தேசம்மா சட்டென்று அவள் தோளைப் பிடித்துத் திருப்பி, "நேரமாவுதுடி, நட" என்றாள். போகும்போது சிவகாமியின் கையை ஒருமுறை அழுத்திப் பிடித்துவிட்டுப் போனாள். நாகூரான் பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு முன்னால் நடந்தார். மூவரும் ட்ராம் நிறுத்தம் வரை போவதை நாங்கள் வாசலில் நின்று பார்த்தோம்.

கப்பலில் இலங்கைக் கரைக்குத் திரும்பினோம். தலைமன்னாரில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். இந்தியாவிலிருந்து துணி கொண்டுவருகிறவர்களை அவர்கள் லேசில் விடமாட்டார்கள். அவர் என் வேட்டிகளை ஒதுக்கினார், சிவகாமியின் காகிதக் கட்டுகளை ஒதுக்கினார், நீலத் துணியை வெளியே எடுத்தார்.

"இது விக்கிறதுக்கோ?"

நான் ஏதாவது ஒரு பொய்யைத் தயார் செய்வதற்குள் சிவகாமி கையை நீட்டி, துணியை அவரிடமிருந்து வாங்கி, கலைந்த மடிப்பைச் சரிசெய்தாள்.

"இல்லை. என்ரை மகளுக்கு" என்றாள்.

அதிகாரி பெட்டியின் மேல் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டு, போகலாம் என்று கையைக் காட்டினார். துணியை அவள் திரும்பப் பெட்டிக்குள் வைக்கவில்லை. கொழும்பு வரை மடியில் வைத்திருந்தாள்.